வில்லேல் மாளிகை: வரவேற்பறைக்கு முன் கூரையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நீங்கள் பாண்டிச்சேரிக்காரர். குடும்பத்தோடு பத்து நாள், இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரீயூனியன் தீவுக்கு வருகிறீர்கள். எரிமலை, கடற்கரை, மலைக்கிராமம் எல்லாம் திட்டத்தில் இருக்கிறது. சேன்-போல் பக்கத்தில் அருங்காட்சியகமாக வைத்திருக்கும் வில்லேல் மாளிகைக்கு அரைநாள் ஒதுக்கலாமா, அங்கே தமிழருக்கென்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். "அடிமைகளை வைத்து வேலை வாங்கிய சீமாட்டியின் கட்டிலையும் நாற்காலியையும் நாம் ஏன் போய்ப் பார்க்கவேண்டும்?" என்று உங்கள் கணவர் கேட்கிறார். எழுபது தாண்டிய அம்மாவால் அங்கே நடக்கமுடியுமா என்பது கடைசிக் கேள்வி.

போங்கள். அரைநாள் போதும், ஆனால் அந்த அரைநாளை முழுதாகக் கொடுங்கள். நானும் பாண்டிச்சேரியில் பிறந்தவள்தான். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தீவில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களோடும் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களோடும் எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். முதல் சில தடவை எல்லாரையும் போல நேராக முன்வாசலில் ஏறி, மேசை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "அழகான வீடு" என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன். அப்படிப் பார்த்தால் அந்த இடத்தில் பாதிகூடக் கண்ணில் படாது. அதனால் இப்போது யார் வந்தாலும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: முதலில் கூரை, அப்புறம் சமையல்கட்டு, அடிமைகளின் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு வீட்டின் உள்ளே, கடைசியில் கூர்முனைச் சிற்றாலயம்.

வீடு இருப்பது சேன்-ழில்-லெ-ஓ என்ற ஊரில். தீவின் மேற்குக் கரையில் கடலோரத்துக் குளியல் ஊரான சேன்-ழிலுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. தலைநகர் சேன்-தெனியிலிருந்து காரில் வந்தால் 2009ல் திறந்த புளியமரச் சாலையில் ஏறி, கடலை வலது பக்கம் விட்டுவிட்டு மேலே திரும்பவேண்டும். நாங்கள் தமிழில் புளியமரச் சாலை என்று சொன்னாலும், பிரெஞ்சில் கேட்டால் "தமரான்" என்று சொல்லிக் கேளுங்கள்.

வீட்டைக் கட்டியது 1787லும் 1788லும். கட்டியவர் ஆன்ரி-போலான் பனோன் தெபாசேன், அந்தக் காலத்தில் பூர்போன் என்று பெயர் வைத்திருந்த இந்தத் தீவின் பெரிய நிலக்காரர்களில் ஒருவர். இந்தியாவில் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் வீட்டின் தலைமேலேயே தெரிகிறது.

முற்றத்தில் நின்று மேலே பாருங்கள். இந்தத் தீவில் நீங்கள் பார்க்கப்போகிற பழைய வீடுகள் அநேகமாக எல்லாமே மரவீடுகள். சரிந்த கூரை, மேலே மரச்சில்லோ தகரமோ இருக்கும், கூரை விளிம்பில் சரிகை மாதிரி வெட்டிய அலங்காரத் தகடு தொங்கும். இந்த வீட்டில் அது எதுவும் கிடையாது. வெள்ளைச் சுவர், தூண் வரிசை, அதன் மேல் வானத்தை ஒரே கோட்டில் வெட்டும் தட்டை மச்சு. புயல் அடிக்கும் தீவில் தட்டைக் கூரை அபூர்வம். முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒரு கணம் இடம் புரியவில்லை, நம்மூர் பெருமாள் கோயில் தெருவில் யாரோ ஒரு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து கரும்புக்காட்டுக்கு நடுவில் வைத்துவிட்டார்கள் போலிருந்தது.

இந்தக் கூரைக்கு இங்கே அர்கமாஸ் என்று பெயர். சாந்து என்பதற்கான போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. சொல் போர்த்துக்கீசியம், வேலை சோழமண்டலக் கரையுடையது. நம் பக்கம் மெட்ராஸ் டெரஸ் என்கிறோமே, அதன் உறவுக்காரன். எங்கள் தாத்தா வீட்டு மச்சு ஒருமுறை ஒழுக ஆரம்பித்து, பழைய முறையிலேயே சரிசெய்தார்கள். நான் சின்னப் பெண், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தேக்குச் சட்டங்களை நெருக்கி வைத்து, அதன் மேல் மெல்லிய அச்சுக்கல்லைச் சாய்வாக, விளிம்பு மேலே வரும்படி சுண்ணாம்பில் பதித்துக்கொண்டே போனார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டைக் கட்டையோடு அந்தத் தளத்தை நாள்கணக்கில் தட்டினார்கள். ஒருத்தி கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் தெளித்துக்கொண்டே வருவாள். கட்டை பட்டுத் தெறித்து வரும் சத்தம் மெல்ல மெல்ல மாறும். முதலில் சொதசொதவென்று கேட்டது கடைசியில் கல்லைத் தட்டுகிற மாதிரி கணீரென்று வரும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கொத்தனார் தட்டோடு பதிக்கச் சம்மதித்தார்.

அர்கமாஸ் கலவையிலும் அதேபோல்தான்: சுண்ணாம்பு, செங்கல்தூள், அதோடு சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு போன்ற பிடிப்புப் பொருள்கள். நம்மூரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்றால், இங்கே கடலோரத்தில் பவளப்பாறையைச் சுட்டு எடுத்தார்கள். அந்தச் சூளைகள் சில சேன்-லேயு பக்கம் இன்னும் நிற்கின்றன. வீட்டுக்கு மட்டும் என்றில்லை, காப்பிக்கொட்டை உலர்த்தும் களங்களையும் இதே முறையில் போட்டார்கள். தெற்கே சேன்-லூயியில் மேசோன் ரூழ் என்ற பழைய தோட்டத்தில் அப்படி ஒரு களம் இருக்கிறது.

இந்த முறை கப்பலில் தானாக வந்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் இந்தத் தீவுகளுக்கு வந்தார்கள். மொரீசியஸின் போர்ட் லூயி நகரை எழுப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் "தமிழருக்கு என்ன இருக்கிறது?" என்ற உங்கள் கேள்விக்கு என் முதல் பதில் அந்தக் கூரை. கரும்பு வெட்ட நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக வருவதற்கு அறுபது வருடம் முன்பே நம் கரையின் கைவேலை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குக் கல்வெட்டு கிடையாது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

சரி, வீட்டுக்காரி கதைக்கு வருவோம். ஆன்ரி-போலான் 1800ல் இறந்துபோனார். அவர் மனைவி ஒம்ப்ளின் 1755ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் போன பிறகு 1846ல் சாகும்வரை, 46 வருடம், இந்த முழுச் சொத்தையும் ஒரே ஆளாகக் கட்டி ஆண்டார். முதலில் காப்பியும் பருத்தியும் பயிர். 1806, 1807ல் அடித்த புயல்களும் பெருவெள்ளமும் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டன. அதற்குப் பிறகு தீவு முழுக்கக் கரும்புக்கு மாறியபோது இந்தத் தோட்டமும் மாறியது. வளாகத்தில் இடிந்து கிடக்கும் சர்க்கரை ஆலை அந்த மாற்றத்தின் மிச்சம். அவருடைய கடைசிக் காலத்தில் அவருக்குச் சொந்தமாக இருந்த அடிமைகள் 400க்கும் மேல். அவர் இறந்து மூன்று வருடம் ஆவதற்குள், 1848 டிசம்பர் 20ஆம் தேதி, தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அன்று விடுதலையானவர்கள் ஏறத்தாழ 62,000 பேர்.

மதாம் தெபாசேன் என்று இங்கே எந்தக் குழந்தையிடம் கேட்டாலும் தெரியும். அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் அவரை "இரண்டாவது தெய்வக்கருணை" என்று புகழ்ந்தார்கள். அடிமைகளின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதை வேறு. அதில் அவர் ராட்சசி. செத்த பிறகு பித்தோன் எரிமலைக்குள் கிடந்து எரிகிறார், மலை வெடிக்கும்போதெல்லாம் கத்துகிறார் என்பார்கள். கொடுமைகளைப் பற்றிய கதைகளில் எது நடந்தது, எது தீவின் மொத்தக் கொடுமையும் ஒரே பெண் தலையில் இறங்கியது என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு அந்தப் பிரிப்பு முக்கியமாகவும் படவில்லை. கனிவான எஜமானி என்றே வைத்துக்கொள்வோம். கனிவானவர் கையிலும் நானூறு பேருடைய உடம்பும் பிள்ளையும் பத்திரத்தில் எழுதிய சொத்துதானே? எரிமலைக் கதையைச் சொன்னவர்கள் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வில்லேல் என்ற பெயர் மருமகன்கள் வழியில் வந்தது. ஒம்ப்ளின் அம்மாளின் இரண்டு பெண்கள் வில்லேல் சகோதரர்களைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவர், ழோசேஃப் தெ வில்லேல், 1822லிருந்து 1828 வரை பிரான்சின் பிரதமர். அவர் பதவியில் இருந்தபோதுதான், 1825ல், பிரெஞ்சு அடிமைக் காலனியாக இருந்து விடுதலை பெற்ற ஹைட்டியிடம் பழைய முதலாளிகளுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டுக் கழுத்தில் சுருக்குப் போட்டார்கள். இன்னொன்று நம் ஊர் சம்பந்தப்பட்டது. பாண்டிச்சேரி ரொமேன் ரோலண்ட் நூலகத்தில் நீங்களும் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். 1827ல் அந்த நூலகம் தொடங்கியபோது அங்கே பிரெஞ்சு நிர்வாகத்தின் தலைவர் யூஜேன் தெபாசேன் தெ ரிஷ்மோன். ஆமாம், இதே குடும்பம்தான். நான் பத்தாவது பரீட்சைக்குப் படித்த மேசைக்கும் இந்தக் கரும்புத் தோட்டத்துக்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்கள் கணவரின் கேள்வி. நியாயமான கேள்வி. வரவேற்பறையை மட்டும் பார்ப்பதாக இருந்தால் நானும் அவர் கட்சிதான். ஆனால் இந்த வளாகத்தில் முதலாளிகளின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மற்றவர்களின் சுவரும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தீவில் அது அபூர்வம். பங்களாக்கள் கல்லிலும் நல்ல மரத்திலும் இருந்ததால் நின்றன. அடிமைகளின் குடிசைகள் ஓலையிலும் புல்லிலும் இருந்ததால் ஒரு மழைக்காலத்தில் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. இங்கே பெரிய வீட்டிலிருந்து தள்ளி, தனியாகச் சமையல்கட்டு இருக்கிறது. தீப்பிடித்தால் வீட்டைத் தொடக்கூடாது என்பதற்காகத் தள்ளிக் கட்டினார்கள். அந்த அனலில் நிற்பவர்களுக்கு அந்தக் கவலையில் இடமில்லை. வாசலில் நின்று பெரிய வீட்டுச் சாப்பாட்டறை வரைக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வேளையும் ஆவி பறக்கும் பாத்திரத்தோடு அந்த வெயிலில் நடந்தவர்கள் உண்டு.

கொஞ்சம் தள்ளி அடிமைகளின் ஆஸ்பத்திரி. கருங்கல்லில் கட்டியது. எரிமலைக் கல், கறுத்து, சின்னச் சின்னத் துளைகளோடு இருக்கும். நடுவில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு பல இடத்தில் உதிர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி கட்டினார்களே, நல்லவர்கள்தானோ என்று தோன்றலாம். 1723ல் இந்தத் தீவுகளுக்கென்று பிரெஞ்சு அரசர் வெளியிட்ட அடிமைச் சட்டம் நோயாளி அடிமையைப் பராமரிக்கும் பொறுப்பை எஜமானர் மேல் வைத்தது. ஓடிப்போனால் காதை அறுக்கலாம், சூடு போடலாம் என்று சொன்னதும் அதே சட்டம்தான். அடிமை வணிகம் சட்டப்படி நின்ற பிறகு புது ஆள் வாங்குவது கஷ்டமாகி, இருக்கிற ஆளைக் காப்பாற்றுவது லாபக் கணக்காகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர் பக்கத்தில் நில்லுங்கள்.

அந்தக் காலத்து அடிமைப் பதிவேடுகளின் நகலைத் தீவின் ஆவணக் கண்காட்சிகளில் பார்க்கலாம். கட்டம் கட்டமாக: பெயர், வயது, தொழில். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு "காஸ்த்". சாதி! பிரெஞ்சில் அதே சொல். அதன் கீழே கிரியோல், மலகாசி, காஃபிர், அப்புறம் சில வரிகளில் இந்தியர் அல்லது மலபார். தீவில் பிறந்தவர், மடகாஸ்கரிலிருந்து வந்தவர், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர், நம் கரையிலிருந்து வந்தவர் என்று அர்த்தம். நாம் இங்கே ஒப்பந்தக் கூலியாகத்தான் வந்தோம், அடிமையாக இல்லை என்று என் மாணவர்களில் பலர் பெருமையோடு சொல்வார்கள். அந்தக் கட்டத்தை முதல்முறை காட்டியபோது வகுப்பே அமைதியாகிவிட்டது. பெரும்பான்மை இல்லைதான், ஆனால் 1848க்கு முன்பே, அடிமை வரிசையிலும், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள்.

அவர்களில் ஒரு தாயின் மகனுடைய கதை இந்தக் குடும்பத்தோடு நேராக மோதியது. வங்காளத்துச் சந்திரநாகூரில் பிறந்த மத்லேன் என்ற பெண் சின்ன வயதில் விற்கப்பட்டு, பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து பூர்போனுக்கு வந்தாள். பிரான்ஸ் மண்ணை மிதித்த அடிமை விடுதலையானவர் என்பது அங்கே பழைய வழக்கு. அந்த உரிமை அவளுக்குக் கிடைக்கவில்லை. 1789ல் அவளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரமும் பல வருடம் அவளுக்கே தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அவள் இறந்த பிறகு காகிதங்களைக் கண்டெடுத்த மகன் ஃப்யுர்சி, 1817ல், "நான் சுதந்திர மனிதன்" என்று வழக்குப் போட்டார். அப்போது தீவின் நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்தவர் ஃபிலிப் தெபாசேன் தெ ரிஷ்மோன், ஒம்ப்ளின் அம்மாளின் மகன். ஃப்யுர்சி சிறைக்குப் போனார், அவருக்கு ஆதரவாக நின்ற அரசு வழக்கறிஞர் தீவைவிட்டே அனுப்பப்பட்டார். வழக்கு 26 வருடம் இழுத்தது. 1843 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் அவர் பிறப்பிலேயே சுதந்திர மனிதர் என்று தீர்ப்பளித்தது. சில வருடங்களுக்கு முன்பு வில்லேல் அருங்காட்சியகமே அவர் கதையை ஒரு முழுக் கண்காட்சியாக வைத்தது. அவரைச் சிறையில் தள்ளியவர்களின் குடும்ப வீட்டில், அவர் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்தேன். நாம் ஏன் போகவேண்டும் என்பதற்கு உங்கள் கணவரிடம் நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். நாம் போகாமல் விட்டால் அந்த வீடு மறுபடி நாற்காலிகளின் வீடாகிவிடும்.

1848க்குப் பிறகு நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. நஷ்டஈடு முதலாளிகளுக்குப் போனது. வயலுக்கு ஆள் வேண்டும். 1820களின் கடைசியிலேயே ஏனாம் பக்கத்திலிருந்து சிலரைக் கொண்டுவந்து முயற்சி பார்த்திருந்தார்கள். இப்போது பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் கப்பலாக ஆள் வந்தது. 1860லும் 1861லும் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டுப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் எடுத்தார்கள். நடத்திய விதத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882 நவம்பரில் பிரிட்டன் கதவைச் சாத்தியது. அதற்குள் இங்கே வந்திறங்கியவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர், பெரும்பகுதி தமிழர். அடிமைகள் விட்டுப்போன அதே வயல், பல இடத்தில் அதே குடிசை வரிசை. அவர்களின் பிள்ளைகளைத்தான் இங்கே மல்பார் என்கிறார்கள். ராமசாமி, முத்துசாமி என்று தாத்தாவின் பெயர் இன்று குடும்பப் பெயராகக் கடைப் பலகைகளில் இருக்கும், ஆனால் பேச்சு கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் மொழி.

என் வகுப்பில் எழுபத்தெட்டு வயதில் ஒரு அம்மா சேர்ந்தார். அ, ஆ எழுதக் கற்றுக்கொள்ளாமல் சாகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். என்னை "மெத்ரெஸ்" என்று கூப்பிடுவார், டீச்சர் என்று அர்த்தம். நான் அவரை அம்மா என்பேன். ஒருமுறை வகுப்பையே வில்லேலுக்கு அழைத்துப்போனபோது அவரும் வந்தார். முன்வாசல் படி வரை வந்து நின்றுவிட்டார். "உள்ளே வாங்கம்மா" என்றேன். தலையாட்டினார். சின்ன வயதில் இந்தப் பக்கத்து வயலில் அவருடைய பாட்டி கரும்புக்கட்டு சுமந்தாராம். அந்தப் பாட்டி அந்த வாசலை எப்போதும் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். "நான் எப்படி ஏறுவது?" என்று கிரியோலில் கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. நாங்கள் உள்ளே போய்விட்டு வந்தபோது அவர் சமையல்கட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் நின்று, எட்டிய கிளையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். முருங்கைமரம். "மூரூங்" என்றார் என்னிடம். இங்கே முருங்கைக்கீரைக்கு "பிரெத் மூரூங்" என்று பெயர். பீர்க்கங்காய்க்குப் "பிபாங்காய்". மூரூங் தமிழ்ச் சொல் என்று அவருக்கு அதுவரை தெரியாது, தான் வாழ்நாள் முழுக்கத் தமிழ் பேசிக்கொண்டிருந்ததும் தெரியாது. அன்று பலகையில் எழுதக் கேட்ட முதல் சொல் அதுதான். "மு" எழுதும்போது கை நடுங்கியது. "ங்" வந்ததும் சிரித்துவிட்டார்.

வீட்டின் உள்ளே பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், விளக்கம் பிரெஞ்சில். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மரச்சாமான்கள், பீங்கான், கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்குவதை நெய்த பெரிய சுவர்த்திரை, இந்தத் தீவுகளை வைத்து எழுதிய பழைய காதல் கதையின் காட்சிகள் தீட்டிய தட்டுகள் என்று இருக்கும். மரச்சாமான்களில் அக்கறை உள்ளவர்கள் நாற்காலிகளின் கடைசலைக் கவனியுங்கள், பாண்டிச்சேரி வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் பார்த்தது ஞாபகம் வரும். வராந்தாவில் நின்று கடல் பக்கம் திரும்பிப் பாருங்கள். இறங்கிப்போகும் சரிவு முழுக்க ஒரே பார்வையில் வரும். அந்தப் பார்வை கண்காணிப்புக்கும்தான்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஷப்பெல் புவாந்த்யு, கூர்முனைச் சிற்றாலயம். ஒம்ப்ளின் அம்மாள் தன் கடைசி வருடங்களில், 1840களின் தொடக்கத்தில் கட்டியது. வட்ட வடிவம், மேலே ஊசி மாதிரிக் கூரை. அடிமைகளும் வழிபட வரவேண்டும் என்று கட்டியதாகச் சொல்வார்கள். அவர் கல்லறையும் அங்கேதான். சிலர் பூ வைத்திருப்பார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவார்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகம் 1970களில் இந்தச் சொத்தை வாரிசுகளிடமிருந்து வாங்கி அருங்காட்சியகமாக்கியது. இப்போது இதைப் பெருந்தோட்டத்துக்கும் அடிமைத்தனத்துக்குமான அருங்காட்சியகமாகவே மாற்றி அமைக்க முடிவுசெய்து வேலைகள் நடக்கின்றன. அதனால் நீங்கள் வரும் வாரத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள். திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள். டிசம்பர் 20ஐ ஒட்டி வருவதாக இருந்தால் அன்றே வாருங்கள், தீவு முழுக்க விடுமுறை, அடிமைகள் காலத்திலிருந்து வந்த மலோயா இசையின் மேளம் கேட்காத ஊர் இருக்காது.

இன்னும் ஒரு அரைநாள் கிடைத்தால் கிராந்த் ஷலூப்புக்குப் போங்கள். சேன்-தெனிக்கும் லா பொஸெஸியோனுக்கும் நடுவில், மலைக்கும் கடலுக்கும் இடுக்கில் இருக்கிறது. 1860 வாக்கில் கட்டிய தொற்றுநோய்த் தடுப்பு முகாம். கப்பலிலிருந்து இறங்கிய நம்மவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன் அங்கேதான் அடைத்துவைத்தார்கள். ஒரு கட்டடத்தைச் சரிசெய்து கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். வில்லேலையும் அதையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தால் ஒன்றுக்கொன்று பேசும். அழகான மரவீடு பார்க்க ஆசையென்றால் அதற்குச் சலாஸி மலையில் எல்-பூர் கிராமம் போதும், கூரைச் சரிகையெல்லாம் அங்கே நிறைய.

அம்மாவைப் பற்றி. தாராளமாக அழைத்துவாருங்கள். வளாகம் சமதளம்தான், பெரிய ஏற்றம் கிடையாது. பழைய கல் பாவிய இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மழை பெய்திருந்தால் வழுக்கும். தோட்டத்துக்கும் வெளிக்கட்டடங்களுக்கும் டிக்கெட் வேண்டாம், அதனால் அவர் உள்ளே வர விருப்பப்படாவிட்டால் மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம். காலை ஒன்பதரை பத்துக்கெல்லாம் வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் மலையில் மேகம் இறங்கிவிடும், கூரையின் கோடு வானத்தில் தெளிவாகத் தெரியாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்கட்டுப் பக்கம் போகும்போது அந்த முருங்கைமரம் இன்னும் நிற்கிறதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். போன புயலுக்குப் பிறகு நான் இன்னும் போகவில்லை.